போரை எதிர்த்துச் சட்டத்தை மீறியவர்களுக்குப் பொது மன்னிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கங்களிலும் நடக்கும் சட்ட விழிப்புணர்வுக் கூட்டங்களில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வக்கீல். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு நிலைப்பாடு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர் வேண்டாம் என்று சொல்லி, யார் மேலும் கை வைக்காமல் சட்டத்தை மீறியவர்களுக்கு அரசு பொது மன்னிப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது "செய்தது தப்பு" என்று அவர்களிடம் எழுதி வாங்கக் கூடாது.

பொது மன்னிப்பு என்றால் தலைவர்கள் பிறந்தநாளுக்கு ஜெயிலிலிருந்து ஆட்களை விடுகிறார்களே, அதுதானா?

இல்லை. அது தண்டனைக் குறைப்பு. தீர்ப்பு அப்படியே நிற்கும், மிச்சமிருக்கும் சிறை நாட்களை மட்டும் அரசு தள்ளுபடி செய்யும். 2008-ல் அண்ணா நூற்றாண்டுக்காக 1,405 ஆயுள் கைதிகள் வெளியே வந்தது அப்படித்தான்.

வழக்கு வாபஸ் இன்னொரு வகை. தீர்ப்பு வருவதற்கு முன்பே அரசுத் தரப்பு வழக்கைக் கைவிடுவது. குடியரசுத் தலைவரோ ஆளுநரோ தருகிற மன்னிப்பு, பெயர் சொல்லி ஒரு ஆளுக்குத் தருவது.

பொது மன்னிப்பு இவை எல்லாவற்றையும் விடப் பெரியது. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை, இன்ன வகைக் குற்றம் என்று அரசு ஒரு கோடு போடும். தண்டனை பெற்றவர், வழக்கு நடப்பவர், தலைமறைவாக இருப்பவர், இன்னும் வழக்கே பதிவாகாதவர் என்று அந்தக் கோட்டுக்குள் வரும் எல்லாரும் ஒரே நாளில் விடுபடுவார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக மனுவோடு அலைய வேண்டியதில்லை.

போரை எதிர்த்தால் எந்தச் சட்டத்தை மீறியதாக ஆகும்?

நாட்டுக்கு நாடு மாறும். கட்டாய ராணுவ சேவை உள்ள நாட்டில் அழைப்பாணையை மறுப்பதே குற்றம். போருக்குப் பணம் தராதே, ஆள் சேராதே என்று பேசுவது பல நாடுகளில் குற்றமாக இருந்திருக்கிறது. தடை உத்தரவை மீறி ஊர்வலம் போவது, ஆயுதத் தொழிற்சாலை வாசலில் மறிப்பது, படையிலிருந்து வெளியேறுவது எல்லாம் இந்த வரிசையில் வரும்.

இந்தியாவில் கட்டாய ராணுவ சேவை கிடையாது. அதனால் இங்கே வழக்குகள் பெரும்பாலும் பேச்சின் மேலும் கூட்டத்தின் மேலும்தான் வரும். மதுரை மாவட்டத்தின் ஏதாவதொரு காவல் நிலையத்தில் 30(2) என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் அந்தப் பிரிவை வைத்துத்தான் கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் தடை போடுவார்கள். பேச்சு கொஞ்சம் காரமாக இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 152-வது பிரிவு, அதாவது நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து என்ற பிரிவு சேரும். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் பற்றிச் சமூக வலைத்தளத்தில் எழுதியதற்காகப் பேராசிரியர் அலி கான் மஹ்முதாபாத் கைதானதும், சில நாட்களில் உச்ச நீதிமன்றம் அவருக்கு இடைக்கால ஜாமீன் கொடுத்ததும் நினைவிருக்கும்.

நம் நாட்டில் இப்படிப்பட்டவர்களை அரசு விடுவித்தது உண்டா?

உண்டு. அதுவும் இரண்டாம் உலகப் போரின் நடுவிலேயே.

1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர்கள் யாரையும் கலக்காமல் இந்தியாவும் போரில் இறங்கிவிட்டது என்று அறிவித்தார். அக்டோபர் கடைசியில் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை ராஜினாமா செய்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 17-ல் வினோபா பாவே பவுனாரில் தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். இன்ன நாள், இன்ன இடம், இன்ன வாசகம் என்று சத்தியாக்கிரகி முன்கூட்டியே மாஜிஸ்திரேட்டுக்கு எழுதிவிடுவார். சொன்ன நேரத்துக்கு அங்கே போய் நின்று, பிரிட்டிஷாரின் போருக்கு ஆளாகவோ பணமாகவோ உதவுவது தவறு என்று சொல்வார். போலீஸ் வந்து இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் கூட்டிப்போகும். ஒளிவு மறைவு எதுவும் இல்லை. இப்படி உள்ளே போனவர்கள் ஏறக்குறைய 25,000 பேர். வினோபாவுக்கு அடுத்தபடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நேருவுக்கு நான்கு வருஷம் தண்டனை விதித்தார்கள்.

நம் பக்கத்தில் காமராஜர். ஆளுநர் ஆர்தர் ஹோப் மாகாணம் முழுக்கச் சுற்றி யுத்த நிதி வசூலித்தபோது, பணம் கொடுக்காதீர்கள் என்று காமராஜர் பிரசாரம் செய்தார். சத்தியாக்கிரகிகள் பட்டியலுக்குக் காந்தியின் ஒப்புதல் வாங்க வார்தா போகும் வழியில், 1940 டிசம்பரில் குண்டூரில் கைதானார். வேலூர்ச் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் மக்கள் அவரை நகராட்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். சட்டத்தின் கண்ணில் கைதியாக இருந்தவரை ஊர் எப்படிப் பார்த்தது என்பதற்கு இதைவிட வேறு என்ன சொல்ல? 1941 நவம்பரில் வெளியே வந்த அவர், நாட்டு வேலை கிடக்கிறது என்று அந்தப் பதவியை விட்டுவிட்டார்.

அந்த டிசம்பர் தொடக்கத்தில், அடையாளமாக மட்டும் சட்டத்தை மீறிய சத்தியாக்கிரகிகளை விடுவிக்கிறோம் என்று அரசு அறிவித்தது. நேருவும் மௌலானா ஆசாதும் வெளியே வந்தார்கள். ஐரோப்பாவில் பிரிட்டன் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது. பேர்ல் ஹார்பரில் ஜப்பான் குண்டு போட இன்னும் சில நாட்களே இருந்தன. அப்படிப்பட்ட நேரத்தில், அதுவும் ஒரு அந்நிய அரசு, போரை எதிர்த்தவர்களை அவர்கள் கருத்தோடேயே வெளியே விட்டது. சட்டக் கணக்கில் அது விடுதலைதான், பொது மன்னிப்பு அல்ல. ஆனாலும் இன்றைக்கு "போர் நேரத்தில் இதெல்லாம் முடியாது" என்று யாராவது சொன்னால், நான் இந்த டிசம்பரைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

மீறலுக்குப் பிறகு சட்டம் இறங்கி வருவது முறையா? சட்டத்தின் மரியாதை என்ன ஆகும்?

இதற்குப் பதில் மீனாட்சி அம்மன் கோயிலிலேயே இருக்கிறது. 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர், சாதியின் பேரால் உள்ளே விடப்படாதிருந்த கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் போனபோது, அதற்கு இடம் கொடுக்கும் சட்டம் எதுவும் நடப்பில் இல்லை. நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அவர்களை உள்ளே வரவேற்றார். எதிர்ப்பு கிளம்பியது. ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, பிறகு அதையே கோயில் நுழைவு அனுமதி, பாதுகாப்புச் சட்டமாக அதே 1939-ல் நிறைவேற்றியது. இனிமேல் கோயில்களைத் திறக்க அனுமதி என்பதோடு அந்தச் சட்டம் நிற்கவில்லை. ஏற்கெனவே நடந்த நுழைவுக்காகச் சம்பந்தப்பட்டவர்கள் மீது வழக்கு நிற்காது என்றும் சேர்த்துச் சொன்னது.

அது போர் விஷயம் அல்ல, தெரியும். ஆனால் முதலில் ஒரு மீறல், அப்புறம் அந்த மீறலைப் பாதுகாத்த ஒரு சட்டம் என்ற வரிசை இந்த ஊருக்குப் புதிதில்லை. அதனால் சட்டத்தின் மரியாதை குறையவில்லை, கூடத்தான் செய்தது.

அமெரிக்காவில் வியட்நாம் போருக்குப் பிறகு என்ன நடந்தது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பொது மன்னிப்பை எப்படிக் கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கக் கூடாது என்பது இரண்டுக்கும் உதாரணம் இங்கேயே கிடைக்கிறது.

கட்டாய ராணுவ சேவையை மறுத்து, லட்சக்கணக்கான இளைஞர்கள் ஏதோ ஒரு வகையில் சட்டத்தை மீறினார்கள். சிலர் அழைப்பு அட்டையை எரித்தார்கள், பல்லாயிரம் பேர் கனடாவுக்குப் போனார்கள், சிலர் நேராக ஜெயிலுக்கே போனார்கள். குத்துச்சண்டை வீரர் முகமது அலி 1967-ல் படையில் சேர மறுத்தார். ஐந்து வருஷம் சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு நடந்ததால் சிறைக்குப் போகவில்லை. ஆனால் பட்டத்தையும் நல்ல வயதில் மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட ஆட்டத்தையும் இழந்தார். 1971-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

1974 செப்டம்பர் 8-ல் ஜனாதிபதி ஃபோர்டு, முந்தைய ஜனாதிபதி நிக்சனுக்கு முழு மன்னிப்புக் கொடுத்தார். ஒரு நிபந்தனையும் இல்லை. எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 16-ல், போரை மறுத்த இளைஞர்களுக்கு ஒரு திட்டம் அறிவித்தார். நாட்டுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும், 24 மாதம் வரை பொதுச் சேவை செய்ய வேண்டும், அதற்குப் பிறகுதான் மன்னிப்பு. போரை நடத்திய பெரியவருக்கு ஒரு கையெழுத்தில் எல்லாம் முடிந்தது. போர் வேண்டாம் என்ற பையனுக்கு இரண்டு வருஷ வேலை. தகுதி இருந்தவர்களில் பெரும்பாலானோர் விண்ணப்பிக்கவே இல்லை. ஏன் என்று கேட்கத் தேவையில்லை. அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால், இத்தனை வருஷம் ஊரை விட்டு இருந்தது தன் தப்பினால்தான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அடுத்து வந்த கார்ட்டர், 1977 ஜனவரி 21-ல், பதவியேற்ற மறுநாளே கையெழுத்துப் போட்டார். 1964 ஆகஸ்ட் 4 முதல் 1973 மார்ச் 28 வரை கட்டாய சேவைச் சட்டத்தை மீறியவர்களுக்கு முழு மன்னிப்பு. மனு வேண்டாம், உறுதிமொழி வேண்டாம், சேவை வேண்டாம். வன்முறையில் இறங்கியவர்களுக்கு மட்டும் கிடையாது. கனடாவில் இருந்தவர்கள் கைது பயமில்லாமல் வீட்டுக்கு வரலாம் என்று ஆயிற்று. பலர் வந்தார்கள். அங்கேயே குடும்பம், வேலை என்று வேரூன்றிவிட்டவர்கள் தங்கிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் ஒருவர் பட்டாளத்தில் இருக்கிறார். எல்லையில் நின்றவரும் போகமாட்டேன் என்று ஒதுங்கினவரும் ஒன்றா?

இந்தக் கேள்வியை எப்போதும் யாராவது ஒரு தாயோ மனைவியோ எழுந்து நின்று கேட்கிறார்கள். கேட்கும்போது குரல் உடையும். அந்தக் கோபம் நியாயமானது, அதற்குப் பதில் சொல்லாமல் கடந்துபோகக் கூடாது.

ஒன்று அல்ல. யாரும் ஒன்று என்று சொல்லவும் இல்லை. படைவீரரின் பதக்கம், பென்ஷன், ஊரில் அவருக்கு இருக்கும் மதிப்பு, எதிலிருந்தும் ஒரு குன்றிமணி அளவுகூடப் பொது மன்னிப்பு எடுத்துக்கொள்வதில்லை. மறுத்தவருக்கு அது மாலை போடுவதும் இல்லை. அவர் மேல் இருக்கும் வழக்கை எடுக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பாருங்கள். வியட்நாம் போரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சேவையிலிருந்து தள்ளிவைப்புக் கிடைத்தது. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் போனார்கள். அந்த அநியாயத்தைச் செய்தது மறுத்தவர்களா, அப்படி விதி எழுதியவர்களா? இது யாருக்கு முதலில் புரிந்தது தெரியுமா? போருக்குப் போய்த் திரும்பிய வீரர்களுக்கு. அவர்கள் சேர்ந்து அமைத்த போர் எதிர்ப்புச் சங்கம்தான் நிபந்தனை இல்லாத பொது மன்னிப்பு வேண்டும் என்று உரக்கக் கேட்ட அமைப்புகளில் ஒன்று. குண்டடி பட்டவர்கள், கூட இருந்தவன் சாவதைப் பார்த்தவர்கள், போகாதவனுக்காகப் பேசினார்கள்.

எல்லா வீரர்களும் அப்படி நினைக்கவில்லை. 1976 ஆகஸ்டில் சியாட்டிலில் முன்னாள் படைவீரர் மாநாட்டில் கார்ட்டர் இந்த மன்னிப்பைப் பற்றிப் பேசியபோது கூட்டம் கூச்சல் போட்டது. கார்ட்டர் அதைக் கேட்டுக்கொண்டுதான் தன் வாக்கைக் காப்பாற்றினார். தனக்குக் கைதட்டும் கூட்டத்தில் மட்டும் அதைச் சொல்லிவிட்டுப் போகாமல், எதிர்ப்பார்கள் என்று தெரிந்த சபையிலேயே போய்ச் சொன்னதற்காக அவரை மதிக்கிறேன்.

மன்னித்துவிட்டால் அடுத்த போருக்கு யார் போவார்கள்?

போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அமெரிக்கா 1973-லேயே கட்டாயச் சேர்ப்பை நிறுத்திவிட்டது, அதன் படை கலைந்துவிடவில்லை. தென் கொரியாவில், எல்லைக்கு அந்தப் பக்கம் வட கொரியா துப்பாக்கியோடு நிற்கும் நாட்டில், மனசாட்சியின்படி ஆயுதம் தூக்க மறுத்தவர்களைப் பல பத்தாண்டுகளாக ஜெயிலில் போட்டார்கள். 2018 ஜூனில் அரசியல் சாசன நீதிமன்றம் மாற்றுச் சேவைக்கு வழி செய்யச் சொன்னது. 2019 டிசம்பர் கடைசியில் அப்படித் தண்டனை பெற்ற 1,879 பேருக்கு அரசு சிறப்பு மன்னிப்புக் கொடுத்தது. கொரிய ராணுவம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. நம் நாட்டில் தொடக்கத்திலிருந்தே விரும்பிச் சேர்பவர்கள்தான்.

வன்முறை செய்தவர்களுக்கும் கொடுக்கலாமா?

கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மேலூர் பக்கம் இதைப் பேசும்போது யாரும் விளக்கம் கேட்பதில்லை. 1997 ஜூன் 30-ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். தலித் ஒருவர் தலைவராக வந்ததுதான் காரணம். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற மூன்று பேர் 2008-லும், 13 பேர் 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டியும் வெளியே வந்தார்கள். அரசின் மன்னிக்கும் அதிகாரம் என்றாலே இந்தப் பக்கத்து மக்களுக்கு அந்த நினைவுதான் முதலில் வருகிறது. கொலை செய்தவனுக்கு விழா எடுத்துக் கதவைத் திறந்த அரசு, துண்டறிக்கை கொடுத்த மாணவனின் வழக்கை வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டே போவதை அவர்கள் பார்க்கிறார்கள். அடிபட்ட ஆள் ஒருவர் இருக்கும் இடத்தில் மன்னிக்கும் உரிமை அரசுக்கு மட்டும் உரியது அல்ல. போர் எதிர்ப்பு வழக்குகளில் பெரும்பாலும் அப்படி அடிபட்ட ஆள் யாரும் இருப்பதில்லை. அங்கேதான் அரசு தாராளமாக இருக்க வேண்டும்.

படையில் சேர்ந்துவிட்டு ஓடியவர்கள்?

இந்திய ராணுவச் சட்டம் 1950-இன் 38-வது பிரிவின்படி, போர்ப்பணியில் இருக்கும்போது ஓடினால் மரண தண்டனை வரை போகலாம். கார்ட்டரின் மன்னிப்பிலும் இவர்கள் சேரவில்லை. அது அந்த உத்தரவின் பெரிய குறை என்றே நினைக்கிறேன். சேருவதற்கு முன்பே மறுக்கத் தெரிந்தவர்களுக்குப் படிப்பும் வக்கீலும் இருந்தன. உள்ளே போன பிறகுதான் போர் இன்னதென்று கண்ணால் கண்டு விலகியவர்கள் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்.

காலம் கடந்தாவது சில நாடுகள் இதைச் சரிசெய்தன. ஹிட்லரின் படையை விட்டு ஓடியவர்கள் மீதான தீர்ப்புகளை ஜெர்மானிய நாடாளுமன்றம் 2002-ல் மொத்தமாக ரத்து செய்தது. முதல் உலகப் போரில் ஓடியதற்காகவும் கோழைத்தனம் என்றும் சுட்டுக் கொல்லப்பட்ட 306 வீரர்களுக்கு பிரிட்டன் 2006-ல் மன்னிப்பு அறிவித்தது. தொண்ணூறு வருஷம் கழித்து. பிள்ளைகளே கிழவர்களாகி இறந்துபோன பிறகு.

இந்தியாவில் பொது மன்னிப்பு கொடுக்கும் அதிகாரம் யாருக்கு?

அரசியல் சாசனத்தின் 72-வது பிரிவு குடியரசுத் தலைவருக்கு, 161-வது பிரிவு ஆளுநருக்கு. ராணுவ நீதிமன்றத் தண்டனையும் மத்தியச் சட்டக் குற்றங்களும் குடியரசுத் தலைவர் பக்கம், மாநில அதிகாரத்துக்குள் வரும் குற்றங்கள் ஆளுநர் பக்கம். இரண்டு பேரும் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும். பேரறிவாளன் வழக்கில் 2022 மே 18-ல் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் அழுத்திச் சொன்னது. இவை தனித்தனி ஆளுக்கு. ஒரு வகை மக்கள் முழுவதற்கும் கொடுக்க நாடாளுமன்றமோ சட்டமன்றமோ சட்டம் போடுவதே சரியான வழி.

வழக்கு நிலுவையில் இருந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின், அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின், 360-வது பிரிவு (பழைய சட்டத்தில் 321) உதவும். அரசு வழக்கறிஞர் மனுப் போட வேண்டும், நீதிமன்றம் ஒப்ப வேண்டும். இப்போது புதிதாக, பாதிக்கப்பட்டவர் இருந்தால் அவரையும் கேட்க வேண்டும். சாசனத்தின் 34-வது பிரிவு ஒன்று இருக்கிறது. ராணுவ ஆட்சி (மார்ஷியல் லா) அமலில் இருந்த இடத்தில் ஒழுங்கை நிலைநாட்ட அதிகாரிகள் செய்ததை நாடாளுமன்றம் பாதுகாக்கலாம் என்கிறது. சுட்டவரைக் காப்பாற்ற சாசனத்திலேயே ஒரு பிரிவு எழுதி வைத்தோம். சுடாதே என்றவருக்கு அப்படி ஒன்று இல்லை.

ஜல்லிக்கட்டு வழக்குகளை வாபஸ் வாங்கினார்களே, அதேபோல் செய்ய முடியாதா?

முடியும், அது நல்ல முன்மாதிரிதான். 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் கூடியவர்கள், வைகை ரயில் பாலத்தில் வண்டியை மறித்து உட்கார்ந்தவர்கள் மீது போட்ட வழக்குகளை வாபஸ் வாங்குவதாக அன்றைய முதல்வர் பழனிசாமி 2021 பிப்ரவரியில் அறிவித்தார். போலீசாரைத் தாக்கியது, தீ வைத்தது போன்றவை மட்டும் விலக்கு. கோடு சரியான இடத்தில் போடப்பட்டது.

ஆனால் இரண்டு சிக்கல்கள். நான்கு வருஷம் என்பது கல்லூரி முடித்து வேலை தேடும் பையனுக்கு ரொம்ப நீளம். அடுத்தது, மத்தியச் சட்டத்தின் கீழ் வரும் வழக்கு என்றால் மாநில அரசு அறிவித்தால் மட்டும் போதாது, மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். ரயில் மறியல் செய்த பலர், "எல்லாம் முடிந்துவிட்டது" என்று நம்பியிருந்து, பிறகு சம்மன் வந்ததும்தான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

2009 ஈழப்போரை நிறுத்தச் சொல்லிப் போராடியவர்கள்?

ஜனவரி 29-ல் முத்துக்குமார் சென்னையில் தீக்குளித்த பிறகு தமிழ்நாடு எப்படி இருந்தது என்பது அப்போது இருந்தவர்களுக்குத் தெரியும். வழக்கறிஞர்கள் கோர்ட்டைப் புறக்கணித்தோம், மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த ஆண்டு ஈழப்போர் பற்றிப் பேசியதற்காக வைகோவுக்கு 2019 ஜூலை 5-ல், பத்து வருஷம் கழித்து, தேசத்துரோக வழக்கில் ஓராண்டு சிறையும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தார்கள். அவர் பேசியதை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். போர் முடிந்து பத்து வருஷம் கழித்தும் ஒரு பேச்சைத் தண்டித்து யாருக்கு என்ன கிடைத்தது?

ஒருவர் மன்னிப்பை வேண்டாம் என்று சொல்லலாமா?

சொல்லியிருக்கிறார்கள். ரஷ்யாவில் 2022 மார்ச்சில், உக்ரைன் போரைப் பற்றி அரசுக்குப் பிடிக்காததைச் சொன்னால் 15 வருஷம் வரை சிறை என்று சட்டம் வந்தது. சாஷா ஸ்கோச்சிலென்கோ என்ற ஓவியர் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் விலைச் சீட்டுகளை எடுத்துவிட்டு, அதே அளவில் போரைப் பற்றிய செய்தி எழுதிய சீட்டுகளைச் செருகினார். பாலுக்கும் பருப்புக்கும் விலை பார்க்கக் குனிகிறவர் கண்ணில், குண்டு விழுந்த ஊரின் பெயர் படும். ஏழு வருஷம் சிறை. இல்யா யாஷின் என்ற அரசியல்வாதிக்கு எட்டரை வருஷம், விளாடிமிர் காரா-முர்சாவுக்கு 25 வருஷம்.

2024 ஆகஸ்ட் 1-ல் நடந்த கைதிகள் பரிமாற்றத்தில் இவர்கள் மூவரும் விடுதலையானார்கள். அதற்கு முன் மன்னிப்பு மனுவில் கையெழுத்துக் கேட்டபோது மறுத்துவிட்டதாக யாஷினும் காரா-முர்சாவும் சொன்னார்கள். நாட்டை விட்டு அனுப்ப வேண்டாம் என்றும் யாஷின் கேட்டிருந்தார். வெளியேற்றினார்கள். சொந்த ஊருக்குத் திரும்ப முடியாத விடுதலையைப் பொது மன்னிப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

வழக்குப் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. 1941-ல் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த என். சங்கரய்யா, அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்களின் கைதைக் கண்டித்ததற்காக, போர்க்காலக் கெடுபிடிகளுக்கு நடுவே, தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கைதானார். அடுத்த வருஷம் விட்டார்கள். மதுரைச் சதி வழக்கில் மறுபடி பிடித்து, சுதந்திரத்துக்கு முந்தைய நாள், 1947 ஆகஸ்ட் 14-ல் விட்டார்கள். அந்தத் தேர்வை அவர் எழுதவே இல்லை. 2023-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தர முடிவெடுத்தது, ஆளுநர் கையெழுத்துப் போடவில்லை. அந்த நவம்பர் 15-ல் அவர் தம் 102-வது வயதில் காலமானார்.

ஆகவே ஒரு நல்ல பொது மன்னிப்புச் சட்டம் சிறைக் கதவைத் திறப்பதோடு முடியக் கூடாது. நீக்கிய கல்லூரி திரும்பச் சேர்க்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் நடக்கும் போலீஸ் விசாரணையில் பழைய எஃப்.ஐ.ஆர். தலைகாட்டக் கூடாது. கட்டிய அபராதம் திரும்ப வர வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் ஜெயிலைப் பற்றிக் கவலைப்படுகிறவர் குறைவு. காவலர் தேர்வில் பாஸாகி, மருத்துவப் பரிசோதனையும் முடிந்து, "வழக்கு ஏதும் உண்டா" என்ற கட்டத்தில் வந்து நிற்கிறவர்கள்தான் அதிகம்.

என் மேல் இப்படி ஒரு வழக்கு இருக்கிறது. பொது மன்னிப்பு வரும்வரை சும்மா இருக்க வேண்டுமா?

வேண்டாம். எஃப்.ஐ.ஆர். நகலையும் குற்றப்பத்திரிகையையும் கையில் வாங்குங்கள். தடை உத்தரவை மீறியதாக மட்டும் வழக்கு என்றால், சம்பந்தப்பட்ட அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தால்தான் அது நிற்கும், போலீஸ் தானே எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் காட்டி, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-வது பிரிவின் (பழைய 482) கீழ் மதுரைக் கிளையில் ரத்து மனுப் போடலாம். அங்கே போக யோசிக்கிறவர்கள், முதலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டுப் பாருங்கள். மாணவிகள், பட்டியல் இனத்தவர், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

அரசுக்கு வாபஸ் கேட்டு மனு எழுதும்போது "வருந்துகிறேன்" என்று போட வேண்டுமா?

சட்டத்தில் அப்படி எந்த இடத்திலும் இல்லை. ஸ்டேஷனில் யாராவது சொல்வார்கள், சில வக்கீல்களும் சொல்வார்கள், ஒரு வரி போட்டால் சீக்கிரம் முடியும் என்று. போடாதீர்கள். வழக்கு எண், நாள், இடம், பிரிவு, யாருக்கும் காயமில்லை என்பது, படிப்போ வேலையோ எங்கே நிற்கிறது என்பது. இவ்வளவு போதும். எதற்காக அன்று அங்கே நின்றீர்கள் என்பதை ஒரு பத்தியில் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். மனு உள்துறைச் செயலாளருக்கு, ஒரு நகல் மாவட்ட ஆட்சியருக்கு. விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, ஒப்புகையை வழக்குக் கட்டோடு சேர்த்து வையுங்கள்.